அழாமல் பிறந்தவன்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய தலம். இங்கே லிங்கம் உடும்பின் வால் மாதிரி இருக்கும். பொன்னிற உடும்பு ஒன்று புற்றுக்குள் ஓடி ஒளிந்தது, துரத்திப் போன சோழன் புற்றை வெட்டச் சொன்னான், ரத்தம் பீறிட்டது என்று தலபுராணம் நீளும். அதை இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம்.

எலும்பு, நரம்பு சம்பந்தப்பட்ட வியாதிக்காரர்கள் இந்த சந்நிதிக்கு வந்து வேண்டிக்கொள்வது வழக்கம். திங்கட்கிழமை விசேஷம்.

அப்படியொரு திங்கட்கிழமை. பிராகாரத்தில் ஒரு தாத்தா, ஏழு வயதுப் பையனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றி வந்தார். பையனின் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக் கிடந்தன. பின்னால் அம்மா, கையில் அர்ச்சனைத் தட்டு. காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி போடுகிற குடும்பமாம். நிழலில் உட்கார்ந்தபோது பேச்சுக் கொடுத்தேன்.

"பொறந்ததும் அழலைங்க. நீலமா இருந்தான். மூளை முடக்குவாதம்னு ரெண்டு வயசுல சொன்னாங்க. நான் ஒழுங்கா முக்கியிருந்தா புள்ள நல்லா இருந்திருப்பான்னு மாமியார் இன்னிக்கும் சொல்றாங்க. ஏங்க, அது என் தப்புதானா?"

நான் பி.காம். ஐந்தொகை போடச் சொன்னால் போடுவேன். இதற்கு என்ன பதில் சொல்வது? முழித்துவிட்டு பஸ் ஏறினேன். ஊர் வந்து புத்தகங்களைப் புரட்டினால்... அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு 160 வயது தாண்டிவிட்டது!

ஆரம்பித்துவைத்தவர் லண்டன் டாக்டர் வில்லியம் ஜான் லிட்டில். சின்ன வயதில் நோய் தாக்கி, ஒரு பாதம் வளைந்துபோனவர். இங்கிலாந்தில் யாராலும் சரிசெய்ய முடியவில்லை. ஜெர்மனியில் ஸ்ட்ரோமேயர் என்கிற சர்ஜன் தசைநாரை வெட்டிக் காலை நிமிர்த்துகிறார் என்று கேள்விப்பட்டார். கிளம்பிப் போய், 1836-ல் தன் காலையே நீட்டிவிட்டார். கால் சரியானது. சும்மா திரும்புவாரா? வித்தையையும் கற்றுக்கொண்டு வந்து, வளைந்த கை கால்களுக்கென்றே லண்டனில் ஆஸ்பத்திரி தொடங்கினார்.

அங்கே வந்த குழந்தைகளில் ஒரு வகை அவரை உறுத்தியது. எலும்பில் கோளாறில்லை, ஆனால் உடம்பு விறைத்திருக்கிறது. அம்மாக்களிடம் விசாரித்தார். குறைப்பிரசவம், நாள்கணக்கில் வலி, பிறந்ததும் மூச்சில்லை... திரும்பத் திரும்ப இதே பதில்கள். 1861-ல் பிரசவ மருத்துவர்களின் சங்கத்தில் தன் முடிவைப் படித்தார். பிறக்கும்போது மூச்சுத் திணறினால் மூளை பாதிக்கும், அதனால் தசை விறைக்கும். சாட்சிக்கு ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டை வேறு கூப்பிட்டுக்கொண்டார். அவனும் அவசரமாகப் பிறந்து கோணலாகிப் போனவனாம்.

நோய்க்கு 'லிட்டில் வியாதி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மாமியார்களுக்கு ஆங்கிலத்திலேயே ஆதாரம் கிடைத்தது.

இங்கேதான் உள்ளே வருகிறார், நீங்கள் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒரு ஆள். சிக்மண்ட் ஃப்ராய்ட்!

ஆமாம், கனவுக்கு அர்த்தம் சொன்ன அதே ஃப்ராய்ட்தான். அதற்கு முன்னால் அவர் நரம்பு டாக்டர். வியன்னாவில் குழந்தைகளுக்கான இலவச மருத்துவமனை ஒன்றில் பல வருடங்கள் பார்த்திருக்கிறார். 1897-ல் இந்த நோயைப் பற்றித் தடிமனாக ஒரு புத்தகம் எழுதினார். எழுதுவதற்குள் அலுத்துப் போனார் என்பது வேறு விஷயம். அதில் ஒரு போடு போட்டார். கஷ்டப் பிரசவத்தில் பிறந்த எத்தனையோ குழந்தைகள் நன்றாக ஓடியாடுகிறார்களே? இந்தக் குழந்தைகளில் பலருக்கு வலிப்பு, பார்வைக் கோளாறு என்று வேறு சிக்கல்களும் இருக்கின்றனவே? அப்படியானால் கோளாறு கருவிலேயே ஆரம்பித்திருக்கலாம். சிக்கலான பிரசவம் அதன் காரணமாக இல்லாமல், அதன் அடையாளமாகவே இருக்கலாம்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் லிட்டில் கட்சிதான் ஆட்சி.

1986-ல் அமெரிக்காவில் கரின் நெல்சன், ஜோனாஸ் எலன்பெர்க் என்று இருவர், சுமார் 54,000 கர்ப்பங்களின் பதிவேடுகளை அலசி முடித்தார்கள். மூளை முடக்குவாதம் வந்தவர்கள் 189 பேர். அவர்களில், பிரசவத்தில் மூச்சுத் திணறியதற்கான அறிகுறி இருந்து, வேறு பிறவிக் கோளாறும் இல்லாதவர்கள் 17 பேர்தான். நூற்றுக்கு ஒன்பது! மற்றவர்களுக்கு? கருவிலேயே வளர்ச்சிக் கோளாறு, கிருமித் தொற்று, வயிற்றுக்குள்ளேயே வந்த பக்கவாதம், எடை குறைந்து அவசரமாகப் பிறப்பது, மரபணு என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஃப்ராய்ட் இறந்து அப்போது 47 வருடம்.

அந்தக் கணக்கை அப்படியே நம் ஊருக்கு எழுதிவிட முடியாது. கவனிக்காமல் விட்ட மஞ்சள் காமாலையும் தாமதமான பிரசவமும் இங்கே இன்னும் குழந்தைகளைப் பாதிக்கின்றன. ஆனாலும் ஒன்று கேளுங்கள். மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் உடம்பை 72 மணி நேரம் குளிரவைத்தால் மூளை தப்பிக்கும் என்பது மேலைநாட்டு வைத்தியம். இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆஸ்பத்திரிகளில் 408 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. பலனில்லை. குளிரவைத்த குழந்தைகளில்தான் இறப்பு அதிகம். இங்கே பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கங்களில் ஒன்று. முக்குவதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

சரி, தீர்க்க முடியுமா? மூளையில் விழுந்த தழும்பை அழிக்க வழியில்லை. ஆனால் அந்தத் தழும்பு பெரிதாவதும் இல்லை. பையன் வளர வளரத் தசைதான் இறுகிக்கொண்டே போகும். போராட்டமெல்லாம் அதோடுதான். பிசியோதெரபி, கணுக்காலுக்கு ஸ்ப்ளின்ட், இறுகிய தசைக்கு போடாக்ஸ் ஊசி (நடிகைகள் சுருக்கம் போகப் போட்டுக்கொள்வதாகப் படிக்கிறோமே, அதேதான்), பேக்லோஃபென் மாத்திரை, இடுப்பு மூட்டு நழுவுகிறதா என்று அவ்வப்போது எக்ஸ்ரே. தேவைப்பட்டால் தசைநாரை நீட்டும் ஆபரேஷன். அதாவது, லிட்டில் காலத்து வித்தையின் பேரப்பிள்ளை. எத்தனை சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அத்தனை நல்லது.

லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் போடுகிறோம் என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இந்த நோய்க்கு அது இன்னும் ஆராய்ச்சி கட்டத்தில்தான் இருக்கிறது.

வைத்தியத்தைவிடப் பெரிய பிரச்னை, பள்ளிக்கூடம். கை கால் கோணியிருந்தால் புத்தியும் கோணல் என்று முடிவுகட்டிவிடுகிறோம். உண்மையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிவுக் குறைபாடே கிடையாது.

1966-ல் பிறந்த மாலினி சிப் என்ற குழந்தைக்கும் இதே கதைதான். இந்தியாவில் படிக்க இடமில்லை. அம்மா மிது ஆலூர் இங்கிலாந்துக்குத் தூக்கிக்கொண்டு போனார், தானும் சிறப்புக் கல்வி படித்தார், திரும்பி வந்து 1972-ல் மும்பையில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். நடிகை நர்கிஸ் துணைக்கு நின்றார். ஒரே ஒரு விரலால் டைப் அடிக்கிற மாலினி பிறகு இரண்டு எம்.ஏ-க்கள் வாங்கி, சுயசரிதையும் எழுதினார். தலைப்பே 'ஒன் லிட்டில் ஃபிங்கர்'.

நம் சென்னையில் பூனம் நடராஜன். அவர் மகனுக்கும் இதே நோய். 1985-ல் ஒரு கார் ஷெட்டில் பள்ளியைத் தொடங்கினார். கோட்டூர்புரத்தில் இருக்கும் இன்றைய 'வித்யாசாகர்' அதுதான். வாய் பேச முடியாத குழந்தைகள் படங்களைத் தொட்டுப் பேச உதவும் 'ஆவாஸ்' கருவியை, ஐ.ஐ.டி-யில் படித்த அஜித் நாராயணன் உருவாக்கியது இந்தக் குழந்தைகளோடு பழகித்தான்.

சட்டம் தாமதமாக வந்தது. 1995-ல் ஒன்று, 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 2016-ல் உரிமைச் சட்டம். அந்த 2016-லேயே இன்னொன்றும் நடந்தது. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த ஜீஜா கோஷ், 2012-ல் கொல்கத்தாவிலிருந்து ஒரு மாநாட்டுக்குக் கிளம்பியவர். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு இறக்கிவிட்டார்கள். விட்டாரா? உச்ச நீதிமன்றம் வரை போய் 10 லட்ச ரூபாய் நஷ்டஈடு வாங்கினார்.

மாகறல் அம்மாவுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். மாவட்ட ஆஸ்பத்திரியின் ஆரம்பநிலை இடையீட்டு மையம், கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் தேசிய நிறுவனம், தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு என்று வரிசையாகக் குறித்துக்கொண்டார்.

கடைசியில், "அந்த ஃபிராடு டாக்டர் சொன்னதை மட்டும் ஒரு தாள்ல எழுதித் தர்றீங்களா சார்? மாமியார்கிட்ட படிச்சுக் காட்டணும்" என்றார்.

இந்தக் கட்டுரையின் முதல் பிரதி அவருக்குத்தான் போகிறது.