மூங்கில் கூடையும் கற்சுவரும்



நம் நாட்டு மலைச்சாலைகளில் செல்லும்போது, சரிவின் அடியில் கம்பிவலைக் கூடைகளுக்குள் கற்களை நிரப்பி, சுவர்போல் அடுக்கியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். மண்ணரிப்பைத் தடுக்கும் இக்கூடைக்குக் 'கேபியன்' என்று பெயர். பெருங்கூண்டு எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால், கம்பிவலை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த உத்தி தோன்றிவிட்டது.

கி.மு. 256ஆம் ஆண்டளவில், சீனாவின் சிச்சுவான் பகுதி ஆளுநர் லி பிங், மின் ஆற்றின் வெள்ளத்தைப் பிரித்துச் செங்டு சமவெளிக்குப் பாய்ச்ச முனைந்தார். தனிக் கற்களை ஆறு உருட்டிச் சென்றுவிடும். எனவே, நீண்ட மூங்கில் கூடைகளை முடைந்து, உள்ளே கற்களை நிரப்பி, ஆற்றின் நடுவே கரை எழுப்பினர். அதுவே துச்சியாங்யான் நீர்ப்பாசனத் திட்டம். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

மூங்கில் மக்கிப்போகும் பொருள். ஆகவே, குளிர்காலந்தோறும் நீர் குறைந்த வேளையில் மக்கள் கூடிக் கூடைகளைப் புதுப்பித்தனர். இந்த ஓயாத வேலைக்கு முடிவுகட்ட விரும்பினார் 19ஆம் நூற்றாண்டின் ஆளுநர் திங் பாவ்சென். நாம் உணவகங்களில் விரும்பிக் கேட்கும் 'குங் பாவ்' கோழிக்குப் பெயர் தந்தவர் இவரே! 1877ஆம் ஆண்டில் கூடைகளை அகற்றி, உறுதியான கற்கட்டை எழுப்பத் தொடங்கினார். மறு ஆண்டு வெள்ளமே அதனைச் சிதைத்தது, அவரும் தண்டிக்கப்பட்டார்.

காரணம் எளிது. கூடையின் இடுக்குகள் வழியே நீர் கசிந்து வெளியேறுவதால் பின்புறத்து அழுத்தம் குறைகிறது. அடிமண் அரிக்கப்பட்டால், கூடை வளைந்து அந்தப் பள்ளத்தில் படிந்துகொள்கிறது. இறுகிய சுவரோ வளைய இயலாமல் பிளக்கிறது.

1890களில் இத்தாலியின் பொலோன்யா நகருக்கு அருகே, ரேனோ ஆற்றின் அணை வெள்ளத்தால் உடைந்தபோது, மக்காஃபெர்ரி நிறுவனத்தார் இரும்புக் கம்பிவலைக் கூடைகளால் அதனைச் சீரமைத்தனர். இன்று நம் சாலையோரங்களில் நிற்பவை அந்த வழியில் வந்தவையே.

வரலாற்றுப் பாடம் நடத்தும்போது கோட்டைகளையும் வெற்றிகளையுமே நான் அதிகம் பேச வேண்டியுள்ளது. ஆயினும், லி பிங்கின் பெயர் 2,200 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்க, ஆண்டுதோறும் ஆற்றில் இறங்கிக் கூடை முடைந்த பெயர் தெரியாத கைகளே காரணம் என்பேன். ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று எண்ணியவரை ஆறு மன்னிக்கவில்லை. நம் மாணவர்களுக்கு இதனையும் சொல்லிக் கொடுப்போம்.