மெத்தனோயெயோ (கிரேக்க வினைச்சொல்)

மெத்தனோயெயோ என்பது தமிழ் விவிலியங்களில் "மனந்திரும்பு", "மனம் மாறு" எனப் பெயர்க்கப்படும் கிரேக்க வினைச்சொல் ஆகும். இதன் இலத்தீன் மொழிபெயர்ப்பு பற்றிய ஐயம், 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திருச்சபையைப் பிளந்த விவாதத்தில் இடம்பெற்றது.

"மெத்தா" (பின்னர், மாற்றத்தையும் குறிக்கும்), "நோயெயோ" (எண்ணு) ஆகிய இரண்டும் சேர்ந்தது இச்சொல். மனம் என்று பொருள்படும் "நூஸ்" இதற்கு உறவுச்சொல். ஆயினும் பகுதிகளைக் கூட்டிப் பார்த்தால் மட்டும் முழுப்பொருள் கிடைத்துவிடாது. எபிரேய மறைநூலின் கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் பதிப்பில், யோனா நூலின் 3-ஆம் அதிகாரத்தைக் காண்க. நினிவே நகரை அழிக்கும் எண்ணத்தைக் கடவுள் மாற்றிக்கொண்டார் என்று சொல்லும் இடத்தில் இதே வினை வருகிறது. ஆகவே பாவத்துக்காக வருந்துதல் என்று மட்டும் இதற்குப் பொருள் கொள்ள இயலாது.

"திரும்பு" என்பதற்குக் கிரேக்கத்தில் "எப்பிஸ்திரெஃபோ" என்ற வேறு வினை உண்டு. அப்போஸ்தலர் பணிகள் 3:19-இல் இரு வினைகளும் அடுத்தடுத்து வருகின்றன. தமிழின் "மனந்திரும்பு" மனத்தையும் திரும்புதலையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. எனவே பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவ்விடத்து இரண்டாம் வினை "குணப்படு" என நிற்கிறது.

இலத்தீனில்தான் சிக்கல் பெரிது. ஜெரோமின் வுல்காத்தா பதிப்பு, மத்தேயு 3:2, 4:17 ஆகிய இடங்களில் "பெனித்தென்சியாம் ஆகித்தே" என்று பெயர்த்தது. "பெனித்தென்சியா" மனவருத்தத்தையும் குறிக்கும். குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு, அவர் விதிக்கும் பரிகாரத்தைச் செய்யும் திருவருட்சாதனத்தையும் குறிக்கும். இடைக்காலத்தில் அக்கட்டளை "பரிகாரம் செய்யுங்கள்" என்றும் கேட்டது. கிரேக்கச் சொல் மனமாற்றத்திலிருந்து பிறந்தது என்பதைத் தெர்த்துல்லியன் ஜெரோமுக்கு முன்பே சுட்டிக்காட்டியிருந்தார்.

15-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா, வுல்காத்தாவைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுக் குறிப்புகள் எழுதினார். எராஸ்மஸ் அவற்றை 1505-இல் அச்சிட்டார். 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டையும் வெளியிட்டார். அறிவு தெளிதல் என்னும் பொருளுடைய "ரெசிபிஸ்கித்தே" என்ற சொல்லைத் தம் விளக்கக் குறிப்புகளில் அவர் முன்வைத்தார்.

1517-இல் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகளின் விற்பனையை எதிர்த்து மார்ட்டின் லூத்தர் 95 கருத்துரைகளை வெளியிட்டார். முதல் கருத்துரை இக்கட்டளையைப் பற்றியதே: கிறிஸ்து கேட்பது வாழ்நாள் முழுவதுமான மனமாற்றம். குருக்கள் நடத்தும் சடங்கை இச்சொல் குறிக்காது என்கிறது இரண்டாவது. கிரேக்கம் அறிந்த அறிஞர்களால் தமக்குத் தெளிவு கிடைத்ததாக 1518-இல் தம் ஆசான் ஸ்டாவுபிட்ஸுக்கு அவர் எழுதினார். இருப்பினும் ஒரு சொல்லே சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்தது என்பது மிகை. சீட்டு விற்பனையின் மீதான கோபமும் அச்சுக்கலையும் இல்லாமல் அது நடந்திராது.

மாணவர் ஓர் இலக்கணக் கூற்றிலும் கவனமாக இருக்க வேண்டும். கிரேக்க ஏவலுக்கு இரு வடிவங்கள் உண்டு. மத்தேயுவில் வரும் "மெத்தனோயெய்த்தே" நிகழ்கால ஏவல், முன்னிலைப் பன்மை. இதைக்கொண்டு "தொடர்ந்து மனந்திரும்பிக்கொண்டே இருங்கள்" என்று பலர் விளக்குவர். நிகழ்கால ஏவல் பொதுவான கட்டளைக்கும் வரும்; தொடர்ச்சியை அவ்வடிவம் மட்டும் நிறுவிவிடாது. அப்போஸ்தலர் பணிகள் 2:38-இல் பேதுரு சொல்லும் "மெத்தனோயேசத்தே" அயோரிஸ்து என்னும் மற்றொரு வடிவம். அதனால் பேதுரு ஒரே ஒருமுறை மனம் மாறினால் போதும் என்றார் என ஆகிவிடாது.