மூன்று கணவர்களும் கோஷா ஆஸ்பத்திரியும்

பேறுகாலத்திற்கு எந்த மருத்துவரிடம் செல்வது என்று தஞ்சை டெல்டாவின் நம் குடும்பங்களில் பேச்சு எழும்போது, முதலில் வரும் கேள்வி "பெண் டாக்டர் இருக்கிறாரா?" என்பதே. நியாயமான கேள்விதான். ஆனால் அது ஒன்றே கேள்வி என்றாகிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் வேதனையான சான்று ஒன்று உண்டு.

1890களில் திண்டிவனத்தில் ஓர் இரவு. அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜான் ஸ்கடரின் வீட்டிற்கு ஒருவர்பின் ஒருவராக மூன்று கணவர்கள் வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு சாதி இந்து. மூவரின் இளம் மனைவியரும் பிரசவிக்க முடியாமல் துடித்துக்கொண்டிருந்தனர். அவர்கள் அழைத்ததோ மருத்துவரை அன்று. மருத்துவமே படித்திராத அவர் மகள் ஐடாவை! தந்தையை அனுப்புவதாக ஐடா கூறியும், அந்நிய ஆடவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிச் சென்றனர். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிருடன் இல்லை. அந்த இரவே ஐடாவை மருத்துவம் படிக்கத் தூண்டியது. 1900இல் மருத்துவராகத் திரும்பிய அவர், 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

சென்னையில் இதற்கான விடை முன்பே தேடப்பட்டிருந்தது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப், 1885இல் பர்தா பேணும் பெண்களுக்காக ஒரு மருத்துவமனையை நிறுவினார். இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஆயினும் திருவல்லிக்கேணிப் பெரியவர்களுக்கு அது இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி'தான். (கோஷா என்றால் பாரசீகத்தில் மூலை என்று பொருள்.)

மார்க்கச் சட்ட நூல்கள் இதில் தெளிவாகவே பேசுகின்றன. தகுதியுள்ள பெண் மருத்துவர் கிடைத்தால் அவரே முதன்மை. கிடைக்காதபோது, தேவையான அளவோடு, கணவரோ நம்பகமான பெண்ணோ உடனிருக்க, ஆண் மருத்துவர் சிகிச்சை செய்யலாம். திண்டிவனத்து முஸ்லிம் கணவருக்கு இதை எடுத்துச்சொல்ல அன்று ஓர் ஆலிம் அருகில் இல்லாமற்போனாரே என்று நாம் வருந்துவதுண்டு.

இன்று நம் நிலை வேறு. தஞ்சையின் ராஜா மிராசுதார் மருத்துவமனை மகப்பேற்றுக்குப் பெயர்பெற்றது; ஆரம்ப சுகாதார நிலையங்களும் உள்ளன. ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை இன்னும் சில உண்டு. நள்ளிரவில் வலி கண்டால் பணியில் இருப்பவர் யார்? அறுவை சிகிச்சையும் இரத்தமும் அங்கேயே கிடைக்குமா? இல்லையெனில் எங்கே அனுப்புவார்கள், வழியில் எவ்வளவு நேரமாகும்? இவற்றை ஏழாம் மாதத்திற்குள்ளேயே கிராம சுகாதார செவிலியரிடமும் மருத்துவரிடமும் கேட்டுவிடலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்ற விருப்பத்தையும் அன்றே தயங்காமல் சொல்லலாம். அந்நேரத்தில் அவர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதைக் கணவனும் மனைவியும் அதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவெடுத்திருக்கட்டும்.