பல்பு மாற்றலாம், வயர் இழுக்கலாமா?



நம் தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979-ல் ஓடத் தொடங்கியது. அதற்கு வெகு முன்பே ஊருக்கு மின்சாரமும், கூடவே சட்டமும் வந்துவிட்டன. 1910-ல் இந்திய மின்சாரச் சட்டம். 1956-ல் இந்திய மின்சார விதிகள்.

அவற்றில் 45-ஆவது விதி நம் வீட்டு வாசலுக்கே வருவது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் கெட்டுப்போனால் அதே திறனில் வேறொன்று மாற்றலாம், உரிமம் வேண்டாம். புதிதாக ஒரு பிளக் பாயின்ட் வைத்தாலோ கோட்டைத் தாண்டியாச்சு. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் பொறுப்பில், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். 2003-ல் புதுச் சட்டம் வந்தது, 2010-ல் புது ஒழுங்குமுறைகள் வந்தன. கோடு அங்கேயேதான் இருக்கிறது.

ஏன் அப்படி? லைட்டுக்குப் போட்ட மெல்லிய வயரில் கீசரை மாட்டினால் வயர் சூடாகி உருகும். எர்த் சரியில்லை என்றால் தொட்டவர் கதி என்ன? நம் உப்புக்காற்றில் எர்த் கம்பி சீக்கிரமே அரித்துவிடும். முதலில் ஆபத்து, வேலை செய்கிற தம்பிக்குத்தான்.

கையில் தொழில் இருந்தும் சான்றிதழ் இல்லாத என் மாணவர்களே, உங்களுக்கு ஒரு சேதி. தமிழக வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. 21 வயது நிறைந்து, வயரிங்கில் 5 ஆண்டு அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். உச்ச வயது வரம்பு கிடையாது. பள்ளியில் தவறவிட்ட தேர்வை நினைத்துத் தயங்காதீர்கள். அறிவிப்பு வந்ததும் எழுதிவிடுங்கள்.