வெப்பமண்டலப் புயல்: பள்ளிப் புவியியலில் ஒரு வானிலை இடர்

வெப்பமண்டலக் கடல்களின் மேல் உருவாகி, தாழ்ந்த காற்றழுத்தம் கொண்ட மையத்தைச் சுற்றிச் சுழலும் பெருங்காற்று மண்டலம் வெப்பமண்டலப் புயல் எனப்படும். அட்லாண்டிக்கில் இதை ஹரிக்கேன் என்றும் மேற்குப் பசிபிக்கில் டைஃபூன் என்றும் அழைக்கிறார்கள். பள்ளிப் புவியியலில் வானிலை இடர்கள் பாடத்தின் நடுநாயகம் இதுதான். ஆனால் பாடம் பெரும்பாலும் காற்றைப் பற்றியே பேசுகிறது. புயலில் மாண்டவர்களின் வரலாற்றைப் பார்த்தால், மிகப் பலரைக் கொன்றது தண்ணீர்.

பிறப்பதும் தண்ணீரில்தான். கடல் நீரின் வெப்பம் ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம் வரை 26.5 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நீராவி மேலெழுந்து குளிர்ந்து மேகமாகும்போது வெளிவிடும் மறைவெப்பமே புயலின் எரிபொருள். சுழற்சியைத் தருவது புவியின் சுழற்சி விசை. நிலநடுக்கோட்டை ஒட்டி 5 பாகை வரை அது மிகவும் வலுக்குறைந்தது என்பதால் அங்கே புயல் உருவாவது அபூர்வம். கீழடுக்குக் காற்றுக்கும் மேலடுக்குக் காற்றுக்கும் வேகத்திலும் திசையிலும் பெரிய வேறுபாடு இருக்கக் கூடாது. இருந்தால் சுழல் சாய்ந்து சிதைந்துவிடும். வங்கக்கடலுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆகிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், உப்பு குறைந்த மெல்லிய அடுக்காகக் கடலின் மேல் பரவிக் கிடக்கிறது. அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வந்து கலப்பதை அது தடுக்கிறது. அதனால் மேற்பரப்பின் சூடு எளிதில் தணிவதில்லை.

இந்திய வானிலை ஆய்வு மையம் மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய சுழலைப் புயல் என்கிறது. 222 கிலோமீட்டரைத் தொட்டால் அது சூப்பர் புயல். துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டது. பகலில் கூம்பு, உருளை வடிவங்களும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் அந்த எண்ணைக் காட்டும். 10 என்பது பெரும் அபாயம். 11 ஏறினால் எச்சரிக்கை மையத்துடனான தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியது புயல் அலையேற்றம். மையத்தில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். இதனால் மட்டும் வருவது ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. மீதி முழுவதும் காற்று கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும் நீர். நம் அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. மேற்கு நோக்கி வரும் புயல் கிழக்குக் கரையைக் கடக்கும்போது, அந்த இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும். தெற்கே நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். ஒரே புயலில் வடக்கே கடல் ஊருக்குள் புகுவதும் தெற்கே உள்வாங்குவதும் இதனால்தான். வங்க விரிகுடாவின் தலைப்பகுதி புனல்போல் குறுகுகிறது, கடலடி ஆழமற்றது, கரையோ தாழ்ந்த கழிமுகம். ஓதம் உயர்ந்திருக்கும் நேரத்தில் புயலும் வந்து சேர்ந்தால் தப்ப இடமில்லை. 1970 நவம்பர் 12 இரவு போலாத் தீவிலும் அக்கம்பக்கத்திலும் அதுதான் நடந்தது. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியையும், அதன் ரயிலையும் அதில் இருந்த பயணிகளையும் கொண்டுபோனதும் கடல்நீரே.

இயற்கை தருவது இடர். அது பேரிடர் ஆவதில் மனிதரின் ஏற்பாடுகளுக்கும் ஏற்றத்தாழ்வுகளுக்கும் பங்கு உண்டு. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் அதே மாநிலத்தின் கோபால்பூர் அருகே பைலின் புயல் கரையைக் கடந்தது. அது 1999 புயலைவிட ஓரளவு வலுக்குறைந்தது, ஆனாலும் கடுமையானது. முன்கூட்டியே ஏறக்குறைய 10 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டிருந்ததால் மாநிலத்தில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. வங்கதேசத்திலும் இதே கதைதான். 1991-இல் சுமார் 1,38,000 பேரை இழந்த அந்த நாடு, 2007-இல் சிதர் புயலில் சுமார் 3,400 பேரை இழந்தது. 1972-இல் தொடங்கிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தின் தொண்டர்கள் ஒலிபெருக்கியும் கொடியுமாகக் கிராமம் கிராமமாகப் போகிறார்கள். தூண்கள் மேல் எழுப்பிய காப்பகங்கள் பல, மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்களாக இயங்குகின்றன. ஆனாலும் எல்லாரும் வெளியேறிவிடுவதில்லை. ஆடுமாடுகளை விட்டுவர மனமில்லாதவர்களும், காப்பகத்தில் பெண்களுக்குத் தனியிடம் இருக்குமா என்று தயங்கும் குடும்பங்களும் வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். 1991-இல் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்ததை இதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

காலநிலை மாற்றத்தால் புயல்களின் எண்ணிக்கை கூடும் என்று மாணவர்கள் எழுதுவது உண்டு. அறிவியல் சொல்வது அதுவல்ல. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக அளவில் மொத்த எண்ணிக்கை அப்படியே இருக்கலாம், குறையவும் செய்யலாம். கடும் புயல்களின் விகிதமும் மழையின் அளவும் கூடும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஆகவே அதே வலுவுள்ள புயல்கூட இன்று உயர்ந்த கடலிலிருந்து புறப்பட்டு வருகிறது.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் காற்றளவில் சாதாரணப் புயல். நகராமல் நின்றதால் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஊத்தங்கரை வெள்ளக்காடானது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து வீட்டோடு ஏழு பேர் புதைந்தார்கள். கடற்கரை மாவட்டங்களின் பிரச்சினை என்று மட்டும் புயலைக் கற்பிக்கும் வகுப்பு இந்த ஊர்களை விட்டுவிடுகிறது.

இன்னொரு கவலை, புயல் திடீரென வலுப்பெறுவது. 2020 மே மாதம் அம்பன், புயலாகி இரண்டு நாளுக்குள் சூப்பர் புயலானது. 1999-க்குப் பிறகு வங்கக்கடலில் அதுவே முதலாவது. புயல் செல்லும் பாதையைக் கணிப்பதில் கண்டிருக்கும் முன்னேற்றம் அதன் வலுவைக் கணிப்பதில் இன்னும் வரவில்லை. 2017 நவம்பர் 30 காலை கன்னியாகுமரிக்கு அருகே ஒக்கி புயலானபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கரையிலிருந்து போன எச்சரிக்கை அவற்றில் பலவற்றை எட்டவில்லை. குறுகிய நேரத்தில் வலுக்கும் புயலின் செய்தியைக் கரைக்கு அப்பால் இருப்பவர்களுக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதும் இந்தப் பாடத்துக்குள் வர வேண்டிய கேள்வி.