நியூமா

நியூமா (பண்டைய ஒலிப்பில் 'ப்நெயுமா') என்பது காற்று, மூச்சு, உயிர், ஆவி ஆகிய பொருள்களில் வழங்கிய பண்டைக் கிரேக்கச் சொல். வீசுதலையும் மூச்சுவிடுதலையும் குறிக்கும் 'ப்நெயோ' என்னும் வினையிலிருந்து பிறந்தது. ஹோமரின் காவியங்களில் இச்சொல் இல்லை. அங்கே வீசும் காற்று 'அனெமோஸ்'. உயிர் நம்மைத் தாங்குவதுபோல் நியூமா உலகைச் சூழ்ந்திருக்கிறது என்ற கூற்று, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மிலீட்டஸில் வாழ்ந்த மெய்யியலாளர் அனாக்சிமெனிஸின் பெயரால் வழங்குகிறது.

இச்சொல்லின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி மருத்துவம். இறந்த உடலை அறுத்துப் பார்த்தால் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அதனால் காஸ் தீவின் மருத்துவர் பிராக்சகோரஸ், சிரையில் குருதியும் தமனியில் நியூமாவும் ஓடுவதாகக் கொண்டார். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மருத்துவர் எரசிஸ்ட்ராட்டஸும் இதையே ஏற்றார். அப்படியானால் தமனி அறுபட்டதும் குருதி பீறிடுவது ஏன்? நியூமா வெளியேற, காலியான இடத்துக்குச் சிரைக் குருதி பாய்ந்துவருகிறது என்றார் அவர். தவறுதான், ஆனால் கெட்டிக்காரத் தவறு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மருத்துவர் கேலன், உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் கட்டி, நடுவே கீறிக் காட்டினார். உள்ளே இருந்தது குருதி. அப்போதும் அவர் நியூமாவைக் கைவிடவில்லை, குருதியோடு அதற்கும் இடம் கொடுத்தார்.

ஸ்டோயிக் மெய்யியலாளர் கிரிசிப்பஸுக்கு நியூமா என்பது நெருப்பும் காற்றும் கலந்த, கல்லையும் செடியையும் விலங்கையும் இறுகப் பிடித்துவைக்கும் பொருள். அலெக்சாந்திரியாவின் பொறியாளர் ஹீரோவுக்கோ அது பொறியியல். காசு போட்டால் தீர்த்தம் தரும் கருவி அவருடைய 'நியூமட்டிகா' நூலில் உண்டு.

எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'ரூவாக்' என்பதற்குப் பெரும்பாலும் இச்சொல்லையே இட்டனர். யோவான் நற்செய்தி 3:8இல் ஒரே சொல் காற்றையும் தூய ஆவியையும் சுட்டுகிறது. தமிழ் விவிலியம் இங்கே 'காற்று', 'ஆவி' என இரண்டாகப் பிரித்துக்கொண்டது; மூல வசனத்தின் சிலேடை அதில் போய்விட்டது.

நிமோனியா என்ற நோய்ப்பெயர் நியூமாவிலிருந்து நேராக வந்ததல்ல. நுரையீரலைக் குறித்த 'ப்ளெயுமோன்', நியூமாவின் சாயலால் 'ப்நெயுமோன்' ஆகி, அதன்வழி வந்தது.

சொல்லின் முதலெழுத்தான உயிர் மூச்சொலியோடு ஒலிக்குமா என்று காட்டும் குறிகளையும் கிரேக்க இலக்கணிகள் நியூமா என்றே அழைத்தனர். 1982இல் கிரீஸ் அரசு அக்குறிகளை எழுத்துமுறையிலிருந்து நீக்கியது.