உறுமுகிற பெட்டி

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து வால்வு ரேடியோ ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மர்பியோ, பிலிப்ஸோ, புஷ்ஷோ. தூசி தட்டுகிறீர்கள். பாடுமா பார்க்கலாம் என்று ஆசை வருகிறது. பிளக்கைக் கையில் எடுக்கிறீர்கள்.

ஒரு நிமிஷம். செருகாதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் இடைசெவல் வரை போய்வரலாம். கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற வழியில் இருக்கிற கரிசல் கிராமம். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்று இரண்டு சாகித்ய அகாதமி எழுத்தாளர்களைக் கொடுத்த ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். இருவருமே சங்கீதப் பைத்தியங்கள். பக்கத்தில் விளாத்திகுளம் சுவாமிகள் இருந்தார். கோவில்பட்டியில் காருகுறிச்சி அருணாசலம் இருந்தார். மழைக்குத்தான் பஞ்சமே தவிர, காதுக்குப் பஞ்சமில்லாத பூமி.

ஆனால் ரேடியோ விஷயத்தில் அந்தக் காதுகளுக்குச் சோதனைதான். சென்னை வானொலி 1938-ல் வந்தது. திருச்சி 1939-ல். இரண்டுமே கரிசலுக்குத் தூரம். திருநெல்வேலி நிலையம் வர 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் கால் நூற்றாண்டு. 1952-ல் கேஸ்கர் மத்திய மந்திரியாகி, சினிமாப் பாட்டுக்கு ஆல் இந்தியா ரேடியோவில் இடமில்லாமல் பண்ணினார். ஜனங்கள் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். கடல் தாண்டி வருகிற பாட்டு சும்மா வருமா? இரைச்சலையும் கூட்டிக்கொண்டுதான் வந்தது.

ரேடியோ அன்றைக்குச் சாதாரணப் பொருளும் இல்லை. 1933-ம் வருஷத்துச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். 1980-களில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. இப்படிப்பட்ட பெட்டி கெட்டுப்போனால் தூக்கிப் போடவா முடியும்? சந்தை நாளில் பஸ்ஸில் மடியில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோவார்கள்.

"அண்ணாச்சி, ஒரே கொரகொரன்னு கேக்கு. என்னன்னு பாருங்க."

நல்ல மெக்கானிக் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்க மாட்டார். முதலில் கேட்பார். காதால்.

ஏரியலைக் கழற்றுவார். இரைச்சல் நின்றுவிட்டதா? நோய் அநேகமாகப் பெட்டிக்கு வெளியே. நிற்கவில்லையா? உள்ளே. அடுத்து, வால்யூமை அடியோடு குறைப்பார். அப்போதும் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்கிறதா? சந்தேகம் இரண்டே இடத்தின் மேல்தான். ஒன்று கரண்ட் தருகிற பகுதி, இல்லாவிட்டால் வால்யூம் திருகுக்குப் பின்னால் வருகிற ஒலிப் பகுதி. ஒரு திருகு திருகியதில் பாதிப் பெட்டி விசாரணையிலிருந்து விடுதலை!

இந்த உறுமல் ஒரு சுவாரஸ்யமான சமாசாரம். நம் ஊர்க் கரண்ட் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. டிரான்ஸ்பார்மர் வைத்த பெரிய செட்டில், ரெக்டிஃபையர் வால்வு அதை ஒரே திசைக்குத் திருப்பும்போது 50 துடிப்பு 100 ஆகிவிடும். அந்தத் துடிப்பைச் சமன்படுத்துவது கண்டன்சரின் வேலை. நம் கண்மாய் மாதிரி. மழை விட்டுவிட்டுத்தான் பெய்யும். ஆனால் மடையில் தண்ணீர் சீராக வரும், இல்லையா? அதேதான். கண்டன்சருக்குள் இருக்கிற ரசாயன ஈரம் வருஷக்கணக்கான சூட்டில் காய்ந்துபோகும். கண்மாய் வற்றியது. 100 துடிப்பும் நேராக ஸ்பீக்கருக்கு வந்து உறுமும்.

உறுமல் அதைவிடக் கனமாக, 50-ல் இருந்தால்? ஏதோ ஒரு வால்வுக்குள் ஹீட்டர் கரண்ட் கசிகிறது, அல்லது ஒயர் எங்கோ மெயின்ஸை வாங்குகிறது என்று அர்த்தம். 50-க்கும் 100-க்கும் வித்தியாசம் சரியாக ஒரு ஸ்தாயி. கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம். சங்கீதக் காது இருந்தால் மீட்டர் இல்லாமலே பாதி நோயைச் சொல்லிவிடலாம்.

வால்யூம் திருகும்போது மட்டும் 'கர்ர்' என்றால், கரித்தடத்தில் அழுக்கு அல்லது தேய்மானம். வால்வைத் தட்டினால் மணி மாதிரி 'ணங்' என்றால், உள்ளே உறுப்பு தளர்ந்திருக்கிறது. பாட்டு கம்மிய குரலில், தொண்டை கட்டினாற்போல் வந்தால் உஷார்! காகிதக் கண்டன்சர் ஒன்று கசிந்து, கடைசி வால்வைக் கண்டபடி வேலை வாங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். கவனிக்காவிட்டால் வால்வு போகும். கூடவே டிரான்ஸ்பார்மரும் போகலாம்.

சரி, நோய் வெளியே என்றால்? ஐப்பசி மின்னல், பம்புசெட் ஸ்டார்ட்டர் பொறி, டியூப்லைட் என்று பட்டியல் நீளம். இதில் கரிசலுக்கே உரிய ஒன்று உண்டு. அந்த நாள் ரேடியோவுக்கு ஏரியல் மட்டும் போதாது. ஓர் எர்த் ஒயரும் மண்ணுக்குள் போகவேண்டும். கரிசல் மண் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சுருங்கிய மண் எர்த் குழாயை விட்டு விலகிவிடும். தொடர்பு போச்சு. இரைச்சல் கூடும். பெட்டியில் ஒரு குறையும் இருக்காது. வைத்தியம்? குழாயடியில் ஒரு குடம் தண்ணீர்.

குடிக்கத் தண்ணீர் தேடுகிற சித்திரையில் ரேடியோவுக்கு ஒரு குடம்! யோசித்துப் பாருங்கள்.

1960-களில் டிரான்சிஸ்டர் பரவியது. பேட்டரி போட்டால் வயல்வரப்பில் பாடியது. ஏரியல், எர்த் எதுவும் வெளியே தேவைப்படவில்லை. வால்வு செட்கள் ஒவ்வொன்றாகப் பரணேறின. அவற்றோடு, சத்தத்தைக் கேட்டே நோய் சொன்ன காதுகளும் குறைந்துகொண்டே வந்தன. எனக்கு வருத்தம் பெட்டிகளைப் பற்றி இல்லை. அந்தக் காதுகளைப் பற்றித்தான்.

இப்போது உங்கள் பிளக்குக்கு வருவோம். பல வருஷம் தூங்கிய கண்டன்சருக்குத் திடீரென்று முழுக் கரண்டைக் கொடுத்தால் அது வெடிக்கலாம். டிரான்ஸ்பார்மர் கருகலாம். டிரான்ஸ்பார்மரே இல்லாத ரகமென்றால் உள்ளே இருக்கிற இரும்புத் தட்டிலேயே 230 வோல்ட் நிற்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சருக்குள் ஆளைத் தூக்கியடிக்கிற அளவு மின்சாரம் மிச்சமிருக்கும். எனவே முதலில் விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடிப்பிடியுங்கள். அவர் பழைய கண்டன்சர்களை மாற்றுவார். லைனில் ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்துத்தான் முதல் கரண்ட் கொடுப்பார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஒரு முறை மின்னி மங்கினால் பயப்பட வேண்டாம்.

அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எதைக் கேட்கிறார் என்று நீங்களும் கேளுங்கள். பெட்டிக்கு மாற்று உதிரிபாகம் எங்கேயாவது கிடைத்துவிடும். அந்தக் காதுக்குக் கிடைக்காது.